முன் சீல் மீண்டும் கசிகிறது: உடன் எந்தப் பாகங்களை மாற்ற வேண்டும்?

கேள்வி:
1,40,000 கிலோமீட்டர் ஓடிய என் ஆட்டோமேட்டிக் காரில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சிவப்பு எண்ணெய் சொட்டுகிறது. பத்து மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி முன் சீலை (முன்பக்கம் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மட்டும் மாற்றினார்கள். அதே கசிவு திரும்பிவிட்டதால் வேறொருவரிடம் மறுபடியும் இறக்கப் போகிறேன். இம்முறை தேய்ந்த பாகங்களில் எவற்றைச் சேர்த்து மாற்றுவது நல்லது?

பதில் 1:
ஐயா, புதிய சீல் பத்தே மாதங்களில் கசிந்தால் அதன் பின்னால் இருக்கும் புஷ்ஷைத்தான் (சுழலும் பாகத்தைத் தாங்கும் உலோக வளையம்) முதலில் சந்தேகிப்பேன். எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் கழுத்து, கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பிலுள்ள அந்தப் புஷ்ஷின் மேல்தான் நிற்கிறது. புஷ் தேய்ந்தால் கழுத்து ஆடிக்கொண்டே சுழலும், அந்த ஆட்டத்தை சீலின் ரப்பர் உதட்டால் நெடுநாள் ஈடுகட்ட முடியாது. கழுத்தில் பழைய சீல் உரசிய பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், கன்வெர்ட்டரையும் மாற்றவோ சீர்செய்யவோ வேண்டும். பம்பின் வெளி ஓ-ரிங், கேஸ்கெட், பில்டர் ஆகியவற்றின் விலை இறக்கி ஏற்றும் கூலிக்கு முன் சிறிது. அவற்றைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

பதில் 2:
கியர்பாக்ஸின் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழிவிடும் பிரீதர் துளையையும் பார்க்கச் சொல்லுங்கள். அது சேற்றால் அடைபட்டால், சூடேறும்போது உள்ளே கூடும் அழுத்தம் நல்ல சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். புதிய சீலின் உதட்டில் அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் அதே எண்ணெயைத் தடவிய பிறகே கன்வெர்ட்டரை ஏற்ற வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று இறக்கினார்கள். பிரீதர் சுத்தமாக இருக்கிறது. கழுத்தில் பள்ளமும் இல்லை. ஆனால் புஷ்ஷின் ஒரு பக்கம் மட்டும் மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிகிறது.

பதில் 1:
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதால் புஷ்ஷை மாற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் டவல் பின்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்ற முறை ஏற்றும்போது ஒன்று விடுபட்டிருந்தால் இப்படித்தான் தேயும். பின்கள் சரியாக இருந்தால், கன்வெர்ட்டரை ஃபிளெக்ஸ் பிளேட்டில் (எஞ்சின் தண்டின் முனையிலுள்ள மெல்லிய வட்டத் தகடு) பூட்டும் முன் டயல் கேஜ் வைத்து அந்தப் பிளேட்டின் நெளிவை அளக்கச் சொல்லுங்கள். காரணம் பிடிபடும் வரை கியர்பாக்ஸை ஏற்ற விடாதீர்கள்.