அவன் நம்மவன் இல்லை என்று சொல்லிவிட்டால் போதுமா?

கீழக்கரைக்காரன்:

2019 ஏப்ரல் 21, இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுகள் வெடித்த நாள். கொழும்பில் கடை வைத்திருக்கும் காக்காவுக்கு (அண்ணனுக்கு)க் காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பை அங்கே முடக்கியிருந்தார்கள். உம்மா தஸ்பீஹு மணியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகுதான் காக்காவின் குரல் கிடைத்தது. தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல் என்பது பிறகு வந்த கணக்கு. செய்தவர்கள் நம் பெயர் வைத்தவர்கள் என்பதும், அவர்களின் தலைவன் சஹ்ரான் என்பதும் தெரியவந்தது.

அடுத்த ஒரு வாரம் என் வாயில் ஒரே வாக்கியம்தான்: "அவன் முஸ்லிமே இல்லை அண்ணே." டீக்கடையில் சொன்னேன். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த நண்பர்களிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலத்தையே கொன்றவனைப் போன்றவன் என்ற வசனத்தையும் கூடவே ஓதிவிடுவேன்.

ஒருநாள் பள்ளிவாசல் ஹவ்ளு (கைகால் கழுவும் தொட்டி) ஓரத்தில் எங்கள் மார்க்க ஆசிரியர் ஆலிம்சா என்னைப் பிடித்துக்கொண்டார். ஒளூச் செய்த ஈரம் முழங்கையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் கலிமா சொல்லவில்லையா? தொழவில்லையா?"

"தொழுதிருப்பான் ஆலிம்சா. ஆனால்…"

"அவன் எங்கே தொடங்கினான் தெரியுமா? தர்காவுக்குப் போகிறவன் முஸ்லிம் இல்லை என்றுதான். உன் உம்மா வருடம் தவறாமல் ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்குப் போகிறாரே, அவன் கணக்கில் அவரும் முஸ்லிம் இல்லை. இப்போது அதே கத்தியை நீ கையில் எடுக்கிறாய்."

எனக்குச் சுருக்கென்றது. சஹ்ரானின் சொந்த ஊரான காத்தான்குடியில் 2017இல் அவனது கூட்டம் முதலில் மோதியது சூஃபி வழியினரோடுதான். அவனைப் பற்றிப் போலீசாரிடம் முறையிட்டவர்களும் அந்த ஊர் முஸ்லிம்களே.

ஆலிம்சா அதோடு விடவில்லை. நபியின் மருமகன் அலி (ரலி) அவர்களை 661இல் கூஃபா பள்ளிவாசலில் வெட்டிய இப்னு முல்ஜம், பெரும்பாவம் செய்தவனை முஸ்லிம் இல்லை என்று ஒதுக்கிய காரிஜிய்யா கூட்டத்தைச் சேர்ந்தவன். அவர்களைப் போல் தொழுதவர்களும் ஓதியவர்களும் குறைவு என்றார். "பெரும்பாவி என்று சொல், கொலைகாரன் என்று சொல். முஸ்லிம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. அப்படிச் சொன்னால் அவனுக்கு யார் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்வியிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம்." 2005இல் ஜோர்டானின் அம்மானில் கூடிய மார்க்க அறிஞர்களும் ஏறக்குறைய இதையே முடிவாக எழுதினார்கள் என்று பின்னாளில் படித்தேன்.

அப்படியானால் குண்டு வைத்தவர்களின் உடல்களை அடக்கம் செய்ய இலங்கை உலமா சபை மறுத்ததே? 2008இல் மும்பையில் தாக்குதல் நடத்திச் செத்த ஒன்பது பேருக்கும் மையவாடியில் (அடக்கத்தலத்தில்) இடமில்லை என்றார்களே என்று கேட்டேன். அது அவன் செய்த காரியத்துக்குக் காட்டிய வெறுப்பு, ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு)ச் சொன்ன தீர்ப்பு அல்ல என்றார் ஆலிம்சா. இந்த இடத்தில் மட்டும் எனக்கு இன்றும் முழுத் திருப்தி இல்லை.

தங்கச்சிமடத்துப் பெண்:

குண்டு வெடித்த கொச்சிக்கடைக் கோயில் அந்தோணியாருடையது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுகிற எங்கள் வீட்டுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. அன்று மாலை, அப்பாவிடம் நண்டு எடுக்கும் வேதாளை பாய் வந்தார். செருப்பைக் கையில் பிடித்தபடி எங்கள் ஊர்க் கோயில் வாசலிலேயே நின்றார். "மன்னித்துவிடுங்கள் அண்ணே" என்றார். அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ என்ன செய்தாய், மன்னிப்புக் கேட்க?" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

ஆனால் ஆலிம்சா சொல்வது எங்களுக்கும்தான். 1560இல் தொடங்கிக் கோவாவில் மதம் தவறியவர்கள் என்று ஆட்களைத் தண்டித்த விசாரணை மன்றம் நடத்தியவர்கள் ஜெபமாலை உருட்டியவர்கள்தானே! ஓரியூரில் 1693இல் பாதிரியார் அருளானந்தரின் தலையை வெட்ட ஆணையிட்டவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி. அதே சேதுபதிதான் கீழக்கரை வள்ளல் சீதக்காதிக்கு உற்ற நண்பர். ஓரியூர்ச் செம்மணலை நெற்றியில் பூசிக்கொள்ளும் எங்கள் ஊரில், அவர் உண்மையான இந்து இல்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ராஜா செய்தார் என்பார்கள், அவ்வளவுதான்.

தொண்டி வாசி:

கீழக்கரை அண்ணன் சொல்வது சரி. ஆனால் அந்த ஆண்டு மே மாதம் வெளியூரில் ஒரு விடுதியில் இரவு பதினொரு மணிக்கு அறை கேட்டு நின்றேன். பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. விடுதிக்காரர் ஆதார் அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார், திருப்பித் தந்தார், அறை காலி இல்லை என்றார். என்னையறியாமல், "அவர்கள் முஸ்லிம்களே இல்லை சார்" என்று சொன்னேன். அவர் குண்டைப் பற்றிப் பேசவே இல்லை. பெரும்பாவி, காரிஜிய்யா என்றெல்லாம் விளக்க எனக்கு அரை நிமிடம்கூட இல்லை. விடியும்வரை பஸ் நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.