அம்மா வாங்கிய செரிமானப் பொடியில் நிலாவாரை: தொடரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். வயிற்று உப்புசத்துக்கு ஒரு மூலிகைப் பொடி வாங்கி, மூன்று வாரமாக ராத்திரி ஒரு ஸ்பூன். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் சுக்கு, ஓமம், கடுக்காய், அதிமதுரம், நிலாவாரை, இந்துப்பு. இப்போது பொடி போடாத நாளில் மலமே கழிவதில்லை என்கிறார். எனக்குக் கவலையாக இருக்கிறது.

பதில்: சுக்கும் ஓமமும் அடுப்படிச் சரக்கு, ஒரு ஸ்பூனில் பயமில்லை. நிலாவாரைதான் விஷயம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைகிற இலை. அதிலுள்ள சென்னோசைடு பெருங்குடலை முடுக்கிவிடும். அது பேதி மருந்து, செரிமானத்துக்கானது இல்லை. வாரக்கணக்கில் தானாகத் தொடரவே கூடாது.

பதில்: அதிமதுரத்தையும் பாருங்கள். அதன் கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நிலாவாரையும் நாளாக ஆகப் பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்த மாத்திரையில் நீர் பிரிக்கிற மருந்தும் இருந்தால் மூன்றும் சேர்ந்து பொட்டாசியத்தை இன்னும் இறக்கும். என் அப்பாவுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பொட்டாசியம் குறைந்திருப்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அப்புறம், இந்துப்பும் உப்புதான்.

கேள்வி கேட்டவர்: மாத்திரை அட்டையைப் பார்த்தேன், நீர் பிரிக்கிற மருந்து இருக்கிறது. பொடியை நிறுத்தியாச்சு. நாளைக் காலை டப்பாவையும் அட்டையையும் டாக்டரிடம் கொண்டுபோகிறேன்.

பதில்: சரி. பொட்டாசியம் பரிசோதனையை மறக்காமல் கேளுங்கள்.