மறு: படுகைக்கு அடியிலிருந்து வரும் நீருக்குப் பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

கழிமுகம், கடல் ஆகியவற்றின் படுகை வழியாக நிலத்தடியிலிருந்து வந்து கலக்கும் நீருக்கு (submarine groundwater discharge) நம் சொல்லடைவில் ‘கடலடி நிலத்தடிநீர் வெளியேற்றம்’ என்று பெயரிடும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; பொருள்தான் பிறழ்கிறது. ‘வெளியேற்றம்’ என்றதும் ஆலைக் கழிவுநீர்க் குழாய் நினைவுக்கு வரும். இங்கே யாரும் எதையும் வெளியேற்றுவதில்லை. கரையோர நிலத்தின் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட உயர்ந்திருப்பதால், மணலின் இடுக்குகள் வழியே நீர் தானாக வந்து சேர்கிறது. ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் அது ஆற்றுப்படுகையிலேயே வந்து கலப்பதால் ‘கடலடி’யும் பொருந்தாது.

‘ஊற்று’ போதும் என்றார் ஒரு நண்பர். ராமேசுவரத்தின் வில்லூண்டி தீர்த்தமும் யாழ்ப்பாணத்தின் கீரிமலையும் ஊற்றுகள். ஓரிடத்தில் திரண்டு வருபவை. நாம் பெயர் தேடுவது பரவலாக வரும் நீருக்கு. ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) வடிந்த வேளையில் மணல்திட்டின் விளிம்பைக் குனிந்து பாருங்கள்: மேலே ஓடையே இல்லாத இடத்தில் மெல்லிய கோடுகளாக நீர் வழிந்துகொண்டிருக்கும். ஏறிய ஓதம் மணலுக்குள் விட்டுச்சென்ற கடல்நீரும் அதில் கலந்திருக்கும். ஆய்வாளர்கள் அதையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள் என்பதால் ‘நன்னீர்’ என்ற அடையும் வேண்டாம்.

என் பரிந்துரை: அடிப்பொசிவு.

வாய்க்கால் நீர் புல்லுக்கும் பொசியும் என்று சிறுவயதிலேயே படித்துவிட்டோம். மெதுவாக, மண்ணின் ஊடாக, பக்கவாட்டில் என்ற மூன்றும் அந்த வினைக்குள் இருக்கின்றன. கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன: பொசிவு வீதம், கடல்நீர் மீள்பொசிவு, பொசிவுமானி. இந்தக் கடைசிக் கருவி, இரும்புப் பீப்பாயின் ஒரு முனையை அறுத்துக் கவிழ்த்துப் படுகையில் அழுத்தி, மேல்துளையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வைப்பதுதான். பையில் சேரும் நீரை அளந்தால் வீதம் தெரிந்துவிடும்.

தனிச்சொல் தேவையா என்று கேட்டவர்களுக்காக கடலூர் மாவட்டத்தில் கடலில் சேரும் வெள்ளாற்றை எடுத்துக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும்போது பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் உப்பு வெகுவாகக் குறைந்து, நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் உயர்கின்றன. ஆனால் கலங்கிய நீரில் ஒளி இறங்காததால் நுண்பாசிகளால் அவற்றை அவ்வளவாகப் பயன்படுத்த முடியாது. வெள்ளத்தோடு வந்த, நைட்ரேட் போன்ற ஊட்டப்பொருளில் பெரும்பங்கு வெள்ளத்தோடே கடலுக்குப் போய்விடும். அடிப்பொசிவின் போக்கு வேறு. அது ஆறு மெலிந்த கோடையிலும், நீர் தெளிந்து ஒளி இறங்கும் நாட்களிலும் வரக்கூடியது. வயலின் உரத்திலிருந்தும் கழிவறைக் குழிகளிலிருந்தும் நைட்ரேட்டை எடுத்துவரும். பாஸ்பேட்டையோ மணலிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். நுண்பாசிகளுக்குப் பொதுவாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்கள் தேவை. அடிப்பொசிவில் நைட்ரஜனின் பங்கு பலவேளை அதைவிட அதிகம். எந்தப் பாசி தழைக்கும், எது நலியும் என்பதையே இது மாற்றிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாக்காய்ட் விரிகுடாவின் கடற்புல் திடல்கள் அழிந்ததற்கு, வீட்டுக் கழிவுத்தொட்டிகளின் நைட்ரேட் நிலத்தடி நீர் வழியே வந்தது முக்கியக் காரணம்.

ஆற்று வெள்ளமும் அடிப்பொசிவும் ஒன்றையொன்று தொட்டும் நிற்கின்றன. வெள்ளமும் மழையும் கரைநிலத்தின் நீர்மட்டத்தை உயர்த்துகின்றன. ஆறு வடிந்த பிறகும் அந்த உயரம் நீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது எடுத்த நீர்மாதிரியில் நைட்ரேட் மிகுந்தால் முழுவதையும் ஆற்றின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பிரித்தறிய ரேடான் உதவுகிறது: நிலத்தடி நீரில் மிகுதியாகவும் கடல்நீரில் மிகக் குறைவாகவும் இருக்கும் வாயு; அரைவாழ்வு (பாதி அழிய ஆகும் காலம்) 3.8 நாள். ஆகவே அது மிகுந்திருந்தால் நிலத்தடி நீர் அண்மையில் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். பெயரே இல்லாத நீர்வரத்தை எந்த அறிக்கையும் தனிப் பத்தியில் காட்டாது. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

சொல்லடைவுக்கான வரைவு:

அடிப்பொசிவு (பெ.): கழிமுகம், காயல், கடல் ஆகியவற்றின் படுகை வழியாக நிலத்தடியிலிருந்து பரவலாக வந்து கலக்கும் நீர்; நன்னீராகவோ மீண்டுவரும் கடல்நீராகவோ இரண்டின் கலவையாகவோ இருக்கலாம்.

ஏரிக்கரைக் கசிவோடு குழப்பம் வருமா என்பதைப் பொதுப்பணித் துறையில் இருந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். ‘ஊட்டப்பொருள்’, இலங்கையின் ‘போசணைப்பொருள்’ இரண்டையும் இணைச்சொற்களாகவே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்