2007 ஆல்டோ: நின்றால் சூடாகிறது, ஓடினால் குளிர்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பாளை வண்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2007 ஆல்டோ எல்எக்ஸ்ஐ, பெட்ரோல். எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. ஆர்சி 2027 வரை புதுப்பித்திருக்கிறது. மீட்டர் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது. அதை நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.

பிரச்சினை இதுதான். காலை நேரம் வண்ணார்பேட்டைப் பக்கம் நெரிசலில் மாட்டினாலோ, ரயில்வே கேட்டில் நின்றாலோ சூட்டு முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. ஏசி ஓடினால் இன்னும் சீக்கிரம். வண்டி நகர ஆரம்பித்ததும் தானாக இறங்குகிறது. நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில், நாங்குநேரி டோல் தாண்டி எண்பதில் போகும்போது முள் கால்வாசிக்கும் கீழே படுத்துக் கிடக்கிறது. அங்கே ஒரு தொந்தரவும் இல்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் செங்காவி நிறத்தில் இருக்கிறது. கூலண்ட் என்று ஒன்று உள்ளே போனதாகவே தெரியவில்லை. மைலேஜும் 13க்கு மேல் வரவில்லை.

ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்கிறார். கையில் ஸ்பானர் செட், மல்டிமீட்டர் இரண்டும் இருக்கின்றன. செலவு செய்வதற்கு முன் நானே எதையெல்லாம் பார்க்க முடியும்?

ஆம்னி அண்ணன்:

ரொம்ப யோசிக்காதீங்க தம்பி. நம்ம ஊர் வெயிலுக்கு, சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத அந்தத் தெர்மோஸ்டாட் வால்வு எதற்கு? கழற்றிப் போடுங்கள். ரேடியேட்டர் ஃபேனுக்கு நேராகக் கரண்ட் கொடுத்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வையுங்கள். சிக்னல் வந்தால் போடுங்கள், நகர்ந்தால் அணையுங்கள். என் ஆம்னி இப்படித்தான் வருஷக்கணக்கில் ஓடுகிறது.

கிரீஸ் கை:

ஆம்னி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த வண்டிக்கு அவர் சொன்ன வைத்தியத்தில் பாதியை யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தம்பி எழுதியதிலேயே விடை இருக்கிறது. நிற்கும்போது சூடு, ஓடும்போது குளிர்ச்சி. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரில் அடிக்கிறது. நிற்கும்போது அந்தக் காற்றை ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். ஆக, முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ தண்ணீர் பம்ப் சுற்றாமல் இருந்தாலோ எண்பதில் போகும்போதும் முள் ஏறும். இங்கே அதற்கு நேர்மாறாக இருக்கிறது. ரேடியேட்டரை மாற்றச் சொன்னவர் இதைக் கேட்கவே இல்லை போல.

அடுத்தது, முள் கால்வாசிக்கும் கீழே போகிறது என்பது நல்ல செய்தி இல்லை. தெர்மோஸ்டாட் உள்ளே இருந்து சரியாக வேலை செய்தால், எவ்வளவு காற்று அடித்தாலும் இன்ஜின் அந்த அளவுக்குக் குளிராது. தண்ணீர் எண்பது டிகிரியைத் தாண்டும் வரை ரேடியேட்டர் பக்கம் போகும் வழியை அது மூடித்தான் வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி இசிஎம், அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். 13 மைலேஜுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கார்புரேட்டர் காலத்து வண்டியில் இது பெரிதாகத் தெரியாமல் போயிருக்கும். இசிஎம் அளந்து பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் பாக்கெட்டில் தெரியும்.

முதலில் ஃபேன். பழைய ஆல்டோவில் அதைப் போடுவதும் அணைப்பதும் இசிஎம்தான். இன்ஜின் தண்ணீரில் முங்கியிருக்கும் சென்சார் சூட்டைச் சொல்லும், இசிஎம் ரிலே என்ற மின் சுவிட்சை இழுக்கும், ரிலே ஃபேனுக்குக் கரண்ட் விடும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்போம்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் வீட்டுப் பக்கம், அதாவது அது உட்காரும் உறையின் பக்கம், சென்சார் இருக்கும். ஒற்றை ஒயர் போகும் சென்சாரைக் கண்டால் அது மீட்டர் முள்ளுக்கு, அதை விட்டுவிடுங்கள். இரண்டு ஒயர் போவதுதான் இசிஎம்முடையது. அதன் கனெக்டரைப் பிடுங்குங்கள். சென்சார் செத்துவிட்டது என்று எண்ணி, எதற்கும் இருக்கட்டும் என்று இசிஎம் ஃபேனைப் போட்டுவிடும். செக் இன்ஜின் விளக்கும் எரியும், பயப்பட வேண்டாம்.

ஃபேன் சுற்றினால் மோட்டார், ரிலே, ஒயர் எல்லாம் நல்லது. சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். சுற்றாவிட்டால் ரிலேயில் 'டக்' சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். சத்தம் வந்தும் சுற்றவில்லை என்றால் ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் இழுத்துக் கொடுத்துப் பாருங்கள். பிளஸ் ஒயரில் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். கை, சட்டை, செயின் எதுவும் இறக்கை பக்கம் போகக் கூடாது. சத்தமே வராவிட்டால் ஃபியூஸ், அப்புறம் ரிலே. பெட்டியில் அதே எண் போட்ட வேறு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம்.

முடித்ததும் சென்சார் கனெக்டரை மாட்டிவிட்டுப் பேட்டரி மைனஸைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் அந்த விளக்கு போய்விடும்.

கோவில்பட்டி அக்கா:

தம்பி, கேஸ்கெட் பயத்தையும் சேர்த்தே தீர்த்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத சோதனைதான். காலையில் வண்டி முழுசாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழி வரும், அது உள்ளே நின்ற காற்று. நிற்காமல் குமுகுமுவென்று வந்துகொண்டே இருந்தால்தான் கவலை. ஆயில் மூடிக்கு அடியில் காபி நிறத்தில் நுரை கட்டியிருக்கிறதா, ஒழுகல் எங்கும் இல்லாமல் தண்ணீர் குறைகிறதா, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் ஹெட்டை இறக்கச் சொன்னவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சூடான வண்டியில் மட்டும் மூடியைத் தொடவே தொடாதீர்கள். என் வீட்டுக்காரருக்குக் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இன்னொன்று. நடுரோட்டில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள் ஃபேனை அதிகபட்சம் வையுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் வண்டிக்குள் நரகமாக இருக்கும், ஆனால் ஓரம் கட்டும் வரை ஹெட் தாங்கும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாம், ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள்.

பாளை வண்டிக்காரன்:

அக்கா, குமிழி இல்லை, ஆயில் மூடி சுத்தம், புகையும் இல்லை. பெரிய பாரம் இறங்கியது.

கிரீஸ் கை அண்ணாச்சி, இரண்டு ஒயர் கனெக்டரைப் பிடுங்கினேன். ரிலே 'டக்' என்றது. ஃபேன் அசையவில்லை. அப்புறம் மோட்டார் கனெக்டரைக் கழற்றப் போனால் அது வரவே மறுத்தது. ஆட்டி ஆட்டி எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு பக்கம் வெல்லப்பாகு நிறத்தில் உருகி, பித்தளை முள்ளோடு ஒட்டியிருக்கிறது. முள்ளும் கறுத்துப்போய்க் கிடக்கிறது.

பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. ஒயரை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரின் பின்புறம் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. அணைத்துவிட்டு மறுபடி கொடுத்தால் மறுபடி மக்கர். சும்மா இருக்கும்போது இறக்கையைக் கையால் சுற்றினால் கரகரவென்று இருக்கிறது.

கிரீஸ் கை:

தட்டினால் சுற்றுகிறது என்றால் மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்துவிட்டது. கார்பன் குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங் அதைச் சரியாக அழுத்தாது. தட்டும்போது கொஞ்சம் நகர்ந்து, சுற்றும் தண்டில் இருக்கும் காமுட்டேட்டர் என்ற செம்பு வளையத்தைத் தொடுகிறது. கரகர சத்தம், தண்டைத் தாங்கும் புஷ் அல்லது பேரிங். மோட்டார் திணறினால் கரண்ட் அதிகம் இழுக்கும். கனெக்டர் முள்ளும் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். இரண்டும் சேர்ந்தே வரும் வியாதி. மோட்டாரை மட்டும் சரிசெய்து கனெக்டரை அப்படியே விட்டால் கொஞ்ச நாளில் திரும்பி வரும்.

புது மோட்டார்தான் வாங்க வேண்டும் என்றில்லை. டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் கொடுத்தால் கார்பனும் புஷ்ஷும் மாற்றித் தருவார்கள், உள்ளே சுற்றும் கம்பிச் சுருளான ஆர்மேச்சர் நன்றாக இருக்கும் பட்சத்தில். கனெக்டரைப் புதிதாகப் போடுங்கள், அதே கனத்தில் ஒயர், கனெக்டர் முள்ளைச் சரியாகக் கிரிம்ப் செய்து, அதாவது ஒயரோடு நெருக்கி இறுக்கி. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதெல்லாம் இந்த இடத்தில் வேண்டாம். ஃபியூஸ் பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள்; மூன்றாம் கை வண்டியில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆம்னி அண்ணன் சொன்ன சுவிட்சைப் பற்றி இப்போது சொல்கிறேன். செத்த மோட்டாருக்குச் சுவிட்ச் வைத்து என்ன பயன்? மோட்டார் நல்லதாக இருந்தால் இசிஎம்மே பார்த்துக்கொள்ளும். கை சுவிட்சைப் போட ஒருநாள் மறந்தால் போதும், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அணைக்க மறந்தால் காலையில் பேட்டரி காலி.

ஆம்னி அண்ணன்:

நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் சரி, பாயிண்ட் இருக்கிறது. என் மகன் வண்டியை எடுக்கும் நாளில்தான் எனக்குப் பயம்.

கோவில்பட்டி அக்கா:

அந்தச் செங்காவித் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். யாரோ போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். உப்பு, சுண்ணாம்பு எல்லாம் டியூபுக்குள் படியும், இரும்புப் பாகம் துருப்பிடிக்கும். ரேடியேட்டர் அடியில் இருக்கும் டிரெயினைத் திறந்து வடியுங்கள். ஹீட்டர் நாப் சூட்டில் இருக்கட்டும், அப்போதுதான் ஹீட்டர் குழாயில் நிற்பதும் வரும். சுத்தமான தண்ணீர் நிரப்பிச் சூடாகும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும் வரை இதையே செய்யுங்கள். கடைசி முறை டிஸ்டில்ட் வாட்டர்.

பிறகு கூலண்ட். கடையில் இரண்டு விதம் இருக்கும். அப்படியே ஊற்றுவது ஒன்று, சரிபாதி டிஸ்டில்ட் வாட்டர் கலந்து ஊற்றுவது ஒன்று. டப்பாவைப் படித்து வாங்குங்கள். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூலண்ட் கலந்ததை வடித்தால் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துவிடும்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள், பெரிய விலை இல்லை. பழையதில் அழுத்த அளவு 0.9 என்று இருந்தால் புதியதும் 0.9 தான். அந்த அழுத்தம் நின்றால்தான் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ரப்பர் வெடித்த மூடியில் நூறிலேயே பொங்கிவிடும்.

பாளை வண்டிக்காரன்:

வேலை முடிந்தது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்களில் ஒருவனாக ஆகக் கூடாது என்று வந்தேன்.

மோட்டாரை டவுனில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கொடுத்தேன். பிரித்துக் காட்டினார். ஒரு கார்பன் துவரம்பருப்பு அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. கார்பன், புஷ் இரண்டும் மாற்றி, கனெக்டரையும் அவரே கிரிம்ப் செய்து கொடுத்தார். ஃபியூஸ் பெட்டியில் செம்புக் கம்பி இல்லை. ஆனால் அங்கே இருக்க வேண்டியதை விடப் பெரிய ஃபியூஸ் இருந்தது. ஃபியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருந்த அளவுக்கு மாற்றிவிட்டேன்.

தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் ஓட்டை. கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிகான் பேஸ்ட் அப்பி மூடியிருந்தார்கள். புதியது வாங்கி, மாட்டுவதற்கு முன் அடுப்பில் தண்ணீரோடு வைத்துப் பார்த்தேன். கொதி வருவதற்கு முன்பே திறந்துகொண்டது, ஆறியதும் மூடியது. சின்ன ஆணி போல ஆடும் ஒன்று அதில் இருக்கிறது. அது மேலே வர வேண்டும், காற்று வெளியேறத்தான் என்று கடைக்காரர் சொன்னதால் அப்படியே வைத்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகி மட்டம் இறங்கியதும் கூலண்ட் நிரப்பினேன்.

இப்போது ரயில்வே கேட்டில் ஏசியோடு நின்றாலும் முள் பாதிக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறது. ஃபேன் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது, மறுபடி ஓடுகிறது. நான்குவழிச் சாலையிலும் முள் அதே இடம்தான். மைலேஜ் பற்றி இரண்டு டேங்க் போட்ட பிறகு சொல்கிறேன்.

கிரீஸ் கை:

முதல் வாரம் தினமும் காலையில், ஆறிய வண்டியில், ரிசர்வ் டப்பா மட்டத்தைப் பாருங்கள். உள்ளே மிச்சம் இருந்த காற்று வெளியேறும்போது கொஞ்சம் இறங்கும், நிரப்பிவிடுங்கள். அப்புறமும் இறங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் பக்கம், ஹோஸ் கிளிப் பக்கம் கசிவு தேட வேண்டும். சுண்ணாம்பு அடைத்து வைத்திருந்த பொத்தல்கள் சுத்தம் செய்ததும் வாய் திறக்கும்.

ஆம்னி அண்ணன்:

தம்பி, அந்தத் தெர்மோஸ்டாட் வாங்கும்போது கேஸ்கெட் அதோடு வந்ததா, தனியாக வாங்கினீர்களா? சும்மாதான் கேட்கிறேன்.

பாளை வண்டிக்காரன்:

தனியாகத்தான் அண்ணே. பழைய சிலிகானைப் பிளேடால் முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள். அதற்குத்தான் எனக்கு நேரம் பிடித்தது.