30/70 இன்சுலின் ஊசியிலிருந்து கிளார்ஜினுக்கு மாறச் சொல்கிறார் டாக்டர், மாறியவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: குரோம்பேட்டைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது, பன்னிரண்டு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை) வந்தது. அன்றிலிருந்து 30/70 கலப்பு இன்சுலின்தான், ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்சு, காலையில் 26, ராத்திரி 14. தி.நகரில் ஒரு புடவைக்கடையில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போய் நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்பதுதான். சாதாரண நாளில் ஒன்றரைக்குச் சாப்பிட விட்டுவிடுவார்கள், ஆனால் ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் மூன்று, மூன்றரை ஆகிவிடும், கஸ்டமரை விட்டு நகரவே முடியாது.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு குடும்பத்துக்குப் பட்டு விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கி, வியர்த்து, விலைச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றே படிக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுகர் 46. கூட வேலை செய்யும் அக்கா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். அது போதாதென்று ராத்திரி இரண்டு மூன்று மணிக்கும் லோ ஆகிறது (சுகர் ரொம்ப இறங்கிவிடுகிறது), எழுந்து பிஸ்கட் தின்றால் காலையில் 260. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) 9.1.

புதிதாகப் பார்க்கும் டாக்டர், ராத்திரி கிளார்ஜின் (நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின்) 18, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் ரேபிட் (சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின்) 6, 6, 6 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், எல்லாம் பென்னில், அதாவது பேனா மாதிரி இருக்கும் ஊசியில். நாலு ஊசி என்றதும் அம்மா, நோய் முற்றிவிட்டது என்று அழுகிறார். செலவும் நான் கணக்குப் போட்டதில் மூன்று மடங்குக்கு மேல் வருகிறது. கடையில் நின்றுகொண்டு மத்தியான ஊசி எங்கே போடுவது என்பதும் தெரியவில்லை. மாறியவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், ராத்திரி லோ நிற்குமா? இந்த அவஸ்தை குறையுமா?


பதில் 1: வில்லிவாக்கம் அண்ணன்

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், நோய் முற்றியதால் நாலு ஊசி இல்லை. நன்றாக இருக்கும் ஒருவருடைய கணையம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலினை விட்டுக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போது மட்டும் கூடுதலாக விடும், அதைத்தான் இந்த நாலு ஊசி செய்யப் பார்க்கிறது. எனக்கு 41 வயது, டைப் 1 வந்து 25 வருடம், அதில் முதல் பதினோரு வருடம் உங்களைப் போலவே 30/70.

கலப்பு ஊசியில் 30 பங்கு ரெகுலர் என்ற சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின், 70 பங்கு என்பிஎச் என்ற மெதுவாக வேலை செய்யும் இன்சுலின். ஒரே நுகத்தில் இரண்டு மாட்டைப் பூட்டின மாதிரி, ஒன்றைத் தட்டினால் இன்னொன்றும் ஓடும். காலையில் போட்ட 26ல் 18 யூனிட் போல என்பிஎச், அது நாலு மணி நேரத்துக்கு அப்புறம்தான் உச்சத்துக்கு வரும், அந்த நேரத்தில் வயிற்றில் சோறு இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட மருந்து அது. உங்களுக்குச் சோறு மூன்றரைக்கு வந்தால் மருந்து என்ன செய்யும், ரத்தத்தில் இருப்பதை இழுத்துவிடும். நீங்கள் தரையில் உட்கார்ந்தது உங்கள் தப்பே இல்லை. ராத்திரியும் அதே கதைதான், பத்து மணிக்குப் போட்டதன் உச்சம் இரண்டு மூன்று மணிக்கு வருகிறது, விடியும்போது தீர்ந்துவிடுகிறது, நடுவில் பிஸ்கட்டும் சேர்ந்து 260.

கிளார்ஜினுக்கு அப்படி ஒரு பெரிய உச்சம் கிடையாது, 24 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே மட்டமாக வேலை செய்யும். ரேபிட் என்பது சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் போடுவது, ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சம், நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அதாவது மூன்றரைக்குச் சாப்பாடு என்றால் மூன்றேகாலுக்கு ஊசி. சாப்பாடே இல்லையென்றால் அந்த ஊசியும் இல்லை. ஆனால் கிளார்ஜினை எந்த நாளும் விடக்கூடாது, காய்ச்சல், வாந்தி என்று சாப்பிடாமல் படுத்திருந்தாலும் கூடாது, விட்டால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மொத்தம் 40 போட்டது 36 ஆகிவிட்டதே என்று பயப்படாதீர்கள். மாற்றும்போது லோ வரக்கூடாது என்று கொஞ்சம் குறைத்துத்தான் ஆரம்பிப்பார்கள், பிறகு சுகரைப் பார்த்து ஏற்றுவார்கள். முதல் இரண்டு வாரம் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பின் செலவைப் பார்க்காமல் சாப்பாட்டுக்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும், நாலைந்து நாள் ராத்திரி மூன்று மணிக்கும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு இல்லாமல் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, ஆர்வத்தில் பலரும் செய்கிற தப்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 240 பார்த்ததும் இன்னொரு ஊசி போடுவார்கள், முந்தினதே இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், இரண்டும் சேர்ந்து கீழே தள்ளிவிடும். நாலு மணி நேரமாவது பொறுங்கள்.


பதில் 2: மருந்துக்கடை மாமா

முப்பது வருடம் மருந்துக்கடையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா, இதைக் கவனமாகப் படி. இத்தனை நாள் நீ போட்டது ஒரு மில்லியில் 40 யூனிட். பென் கார்ட்ரிட்ஜில் வருவது ஒரு மில்லியில் 100 யூனிட், 3 மில்லி, மொத்தம் 300. பென் கெட்டுப்போய்விட்டது என்று அவசரத்துக்கு அந்த கார்ட்ரிட்ஜிலிருந்து பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், கோடு 10 என்று காட்டும், உள்ளே போவது 25. இரண்டரை மடங்கு. இந்த ஒரு தப்பால் மயங்கி விழுந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் மிச்சமிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சைத் தனியாகக் கட்டி வைத்துவிடு, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு தனியாக வருகிறது, அவசரத்துக்கு அதில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்.

கிளார்ஜினையும் ரேபிட்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. கிளார்ஜின் கொஞ்சம் புளிப்பான கரைசல், அது தோலுக்கு அடியில் போய்த்தான் சின்னச் சின்ன மணியாக உறைந்து மெதுவாகக் கரையும், மற்றதோடு கலந்தால் அந்த வேலையே கெட்டுவிடும். என்பிஎச் மாதிரி உருட்டிக் கலக்கவும் வேண்டாம், தெளிந்த தண்ணீராகத்தான் இருக்கும், கலங்கியிருந்தால் போடாதே.

விலையைப் பற்றிக் கேட்டாய். 2022ல் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளார்ஜினைச் சேர்த்தார்கள், அதனால் அதற்கு உச்ச விலைக் கட்டுப்பாடு உண்டு. பெங்களூர் பயோகான் மாதிரி நம் ஊர் கம்பெனிகளே தயாரிக்கிற கிளார்ஜினும் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு அதை எழுதி வாங்கு, கடைக்காரர் தருவதை நீயாக மாற்றிக்கொள்ளாதே. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் நீரிழிவுக்குத் தனித் துறை இருக்கிறது, ஒரு நாள் லீவு போட்டு அங்கேயும் போய்க் கேட்டுவிடு.


பதில் 3: அம்பத்தூர் அம்மா

என் பையனுக்குப் பதினைந்து வயது, ஏழு வயதிலிருந்து டைப் 1. நாங்கள் முதலில் கிளார்ஜின், இப்போது டெக்லுடெக் என்ற இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின். அது 42 மணி நேரம் வரைக்கும் இருக்கும் என்பதால் ஊசி நேரம் முன்னே பின்னே ஆனாலும் தாங்குகிறது, இரண்டு ஊசிக்கு நடுவில் எட்டு மணி நேரமாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அளவை மாற்றினால் பலன் தெரிய மூன்று நாலு நாள் ஆகும், அவசரப்பட்டுத் தினமும் கூட்டக் கூடாது. செலவு அதிகம், அதனால் கிளார்ஜினில் ஆரம்பிப்பதே சரி என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் லோ கதையைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் குறைந்தது இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள் கண்ணு, மறைக்காதீர்கள். இடுப்புப் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. லோ நேரத்தில் பிஸ்கட் வேண்டாம், மெதுவாகத்தான் ஏறும், அதற்குள் பயத்தில் பாக்கெட்டையே தின்றுவிடுவோம், என் பையன் அப்படித்தான்.

வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பயன்பாட்டில் இருக்கும் கிளார்ஜின் பென் 30 டிகிரிக்குள் 28 நாள் இருக்கும், நம் ஊர் மே மாதம் 40 டிகிரி, மின்சார ரயிலில் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனால் மருந்து வெந்துவிடும். ஈரத்துணி சுற்றின டப்பா அல்லது இன்சுலினுக்கென்று விற்கும் குளிர்ப்பை. ஃபிரிட்ஜில் கதவுத் தட்டு போதும், ஃபிரீசர் பக்கமே கூடாது, உறைந்த மருந்து வீண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, மண்பானையில் ஈர மணல் போட்டு, டப்பாவில் மூடி நடுவில் வைத்துத்தான் காப்பாற்றினோம்.


பதில் 4: ராத்திரி ஷிப்ட்

எல்லோரும் நல்லதை மட்டும் சொல்கிறார்கள், எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாறின இரண்டாவது வாரம், தூக்கக் கலக்கத்தில் கிளார்ஜின் 22 போடுவதற்குப் பதில் ரேபிட் பென்னை எடுத்து 22 போட்டுவிட்டேன். இரண்டு பென்னும் பார்க்க ஒரே மாதிரி. ஊசியை உருவின பிறகுதான் கண்ணில் பட்டது. மனைவியை எழுப்பி, சர்க்கரை, ஜூஸ், சோறு என்று சாப்பிட்டுக்கொண்டே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் விடிய விடிய டிரிப்பில் கிடந்தேன். அன்றிலிருந்து கிளார்ஜின் பென்னில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறேன், அது படுக்கை அறையில், ரேபிட் சாப்பாட்டு மேசையில், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது.

அப்புறம் 6, 6, 6 என்று எப்போதும் ஒரே அளவு நிற்காது. 500ஐ ஒரு நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைத் தாங்கும் என்று ஒரு தோராயம் வரும், உங்களுக்கு 14 கிராம் போல. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம். அப்போது 6 யூனிட்டுக்கு 300 கிராம் சோறு, குழம்பு, பொரியல் கணக்கு தனி. ஒரு சின்னத் தராசு வாங்கி ஒரு மாதம் நிறுத்துப் பாருங்கள், அப்புறம் கண்ணே சொல்லிவிடும். இதை டாக்டரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகு மட்டும் மாற்றுங்கள். இட்லி விறுவிறுவென்று ஏற்றும், நெய் விட்ட பொங்கலும் பரோட்டாவும் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

வயிற்றில் ஊசி போட்டுப் போட்டுக் கட்டி மாதிரி தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். 14 வருடம் ஆயிற்றே, அங்கே போட்டால் மருந்து சரியாக இறங்காது, இடம் மாற்றுங்கள். ஆனால் தடித்த இடத்தை விட்டு நல்ல இடத்தில் போடும்போது அதே அளவு கூடுதலாக வேலை செய்யும், லோ வரும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.


மறுபடியும் குரோம்பேட்டைக்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாறி மூன்று வாரம் ஆகிறது. தொப்புளுக்கு இடது பக்கம் நிஜமாகவே தடித்திருந்தது, டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு தொடைக்கு மாற்றச் சொல்லி கிளார்ஜினை 16 ஆக்கினார். ராத்திரி லோ இதுவரை ஒரு தடவைதான், 66. மூன்று மணி சுகர் பெரும்பாலும் 110லிருந்து 140. அம்மா இன்னும் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

மத்தியான ஊசியை சூப்பர்வைசர் அக்காவிடம் சொல்லிவிட்டு ஸ்டாக் ரூமில் போடுகிறேன், பென் என்பதால் ஒரு நிமிட வேலை. போன ஞாயிறு ஆடிக் கூட்டத்தில் மூன்று நாற்பதுக்குத்தான் சாப்பிட விட்டார்கள், அதுவரை நின்றிருந்தேன், போய்ப் பார்த்தால் 104. நம்ப முடியாமல் இன்னொரு ஸ்ட்ரிப்பில் பார்த்தேன், 109.

காலை இட்லிக்கு அப்புறம் மட்டும் இன்னும் 230, 240 நிற்கிறது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை டாக்டரிடம் காட்டப் போகிறேன். அதுவரை நாலு இட்லியை மூன்றாக்கி ஒரு முட்டை சேர்த்துப் பார்க்கிறேன்.