8-க்கு 4 அடி ரவுட்டர்: நீள அச்சில் பால் ஸ்க்ரூ அடித்துக்கொள்கிறது, ரேக் பினியனுக்கு மாறலாமா?

மரத்தூள்:
வணக்கம். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில், முழு ப்ளைவுட் பலகையை (2440-க்கு 1220 மி.மீ.) அப்படியே கிடத்தி வெட்டும் சி.என்.சி. ரவுட்டர் ஒன்றைச் சொந்தமாகக் கட்டியிருக்கிறேன். கேன்ட்ரியின் (வெட்டும் மோட்டாரைச் சுமந்து மேசைமேல் ஓடும் குறுக்குப் பாலம்) எடை ஏறக்குறைய 60 கிலோ. நீள அச்சின் இரு பக்கமும் 1605 பால் ஸ்க்ரூ (சுழன்று, உள்ளே குண்டுகள் உருளும் நட்டை நகர்த்தும் மரைத்தண்டு), அதாவது 16 மி.மீ. தடிமனும் சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வும் கொண்டதை, பேரிங்குகளுக்கு இடையே 2600 மி.மீ. இருக்கும்படி போட்டு, ஆளுக்கொரு நீமா 23 ஸ்டெப்பர் மோட்டாரால் சுழற்றுகிறேன். நிமிடத்துக்கு 1.5 மீட்டர் வரை தொல்லை இல்லை. அதைத் தாண்டினால் ஸ்க்ரூ ஸ்கிப்பிங் கயிறு போல வில்லாக வளைந்து சுற்றுகிறது, 1.8 மீட்டரில் அடிச்சட்டத்தில் போய் இடிக்கிறது. மெதுவாக ஓட்டினாலோ வெட்டு விளிம்பு கருகுகிறது. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கை இருமுறை மாற்றியும் பயனில்லை. ஸ்டெப்பருக்குப் பதில் சர்வோ மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பொருள் விற்றவர். சர்வோவா, 25 மி.மீ. ஸ்க்ரூவா, ரேக் பினியனா (நீளப் பல்பட்டையில் சிறு பல்சக்கரம் உருள்வது), டைமிங் பெல்ட்டா (பல் வைத்த பெல்ட்) என்று முடிவெடுக்க உதவுங்கள்.

பல்சக்கரம்:
பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 1.7 மீட்டர் வேகத்தில் கேன்ட்ரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டி, ஆட்டம் எங்கே கூடுகிறது, எங்கே அடங்குகிறது என்று கவனியுங்கள். கப்ளிங் கோணலாக இருந்தால் நட் மோட்டாரை நெருங்கும்போதுதான் இறுக்கமும் சத்தமும் அதிகமாகும்.

மரத்தூள்:
ஓட்டிப் பார்த்தேன் ஐயா. கேன்ட்ரி மேசையின் நடுவில் இருக்கும்போது ஸ்க்ரூ அசையாமல் சுழல்கிறது. எந்த முனைக்குப் போனாலும் ஆடுகிறது. கேன்ட்ரியை ஒரு முனைப் பக்கமே வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவின் நடுப்பகுதிக்கு 8 மி.மீ. கீழே ஒரு சுண்ணக்கட்டியை நிறுத்தி ஓட்டியபோது, இரண்டே விநாடியில் அது தெறித்து விழுந்தது. ஸ்க்ரூவின் முதுகில் வெள்ளைத் தடம்.

பல்சக்கரம்:
அப்படியானால் கப்ளிங்கின் மீது பழி இல்லை. சுழலும் எந்தத் தண்டுக்கும், அதன் இயல்பதிர்வோடு சுழற்சி ஒத்துப்போய் வில்லாக வளையும் ஒரு வேகம் உண்டு. அது தண்டின் தடிமனுக்கு நேர் விகிதத்திலும் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்திலும் மாறும். நட் நடுவில் நிற்கும்போது தாங்கலற்ற நீளம் பாதியாகிவிடுவதால்தான் உங்களுக்கு ஆட்டம் அடங்குகிறது. 1605-இன் பள்ள விட்டத்தை (மரைப் பள்ளத்தின் அடியில் அளக்கும் தடிமன்) 13 மி.மீ. என்றும், ஒரு முனை இறுக்கமாகவும் மறுமுனை தாங்கலாகவும் இருப்பதாகவும் கொண்டு கணக்கிட்டால், 2600 மி.மீ. நீளத்துக்கு அந்த வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 360 சுற்று. அதில் 80 சதவீதம்தான் பாதுகாப்பான எல்லை, அதாவது 290 சுற்று. 5 மி.மீ. நகர்வுக்கு அது நிமிடத்துக்கு 1.45 மீட்டர். நீங்கள் சொன்ன 1.5-உம் 1.8-உம் கணக்கில் அப்படியே வந்துவிட்டன. சர்வோ 3000 சுற்று சுழலும் என்பது உண்மைதான். ஆனால் அது அதே ஸ்க்ரூவைத்தான் சுழற்றப்போகிறது.

25 மி.மீ. தடிமனில் 10 மி.மீ. நகர்வுள்ள ஸ்க்ரூ போட்டால் 4.5 மீட்டர் வரை போகலாம். ஆனால் தண்டின் சுழல் நிலைமம் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், இப்போதைய ஸ்க்ரூவைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு முரண்டு பிடிக்கும். கேன்ட்ரியைத் தள்ளுவதைவிட ஸ்க்ரூவைச் சுழற்றி நிறுத்துவதற்கே மோட்டாரின் பலம் போய்விடும்.

உளி:
கருகுவதற்கான காரணத்தை யாரும் சொல்லவில்லையே. 18,000 சுற்றில் ஓடும் இரண்டு வெட்டுமுனை பிட்டை 1.5 மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒரு முனைக்கு 0.04 மி.மீ. மரம்தான் கிடைக்கும், அது சீவாது, தேய்க்கும். ப்ளைவுட்டுக்கு 0.15 மி.மீ. வேண்டுமென்றால் வேகம் 5.4 மீட்டர் ஆக வேண்டும். அதுவரை ஸ்பிண்டிலை (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) 10,000 சுற்றுக்குக் குறைத்து ஓட்டுங்கள், கருகல் குறையும்.

கடைசல்:
ஸ்க்ரூவை நிலையாக நிறுத்தி, நட்டைச் சுழற்றும் முறையும் இருக்கிறது. ஸ்க்ரூ சுழலாததால் வில்லாட்டம் கிடையாது. இரு முனையையும் இழுத்துக் கட்டலாம். ஆனால் நட்டுக்கு பேரிங் உறையையும் புல்லியையும் துல்லியமாகக் கடைந்து தர ஆள் வேண்டும். சொந்தமாக லேத் இல்லாதவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பல்சக்கரம்:
என் பரிந்துரை ரேக் பினியன்தான். டைமிங் பெல்ட் பிளாஸ்மா வெட்டு இயந்திரத்துக்குப் போதும், அங்கே வெட்டு விசையே கிடையாது, மரத்தில் 2.5 மீட்டர் பெல்ட் ரப்பராக நீண்டு கொடுக்கும். 1.25 மாட்யூல் (பல்லின் அளவு) நேர்ப்பல் ரேக்கும் 20 பல் பினியனும் எடுத்தால் பினியனின் ஒரு சுற்று 78.54 மி.மீ. மோட்டாரை நேரடியாக மாட்டினால் சுற்றுக்கு 2000 மைக்ரோஸ்டெப்பில் (மோட்டார் நகரும் நுண்படி) ஒரு படி 0.04 மி.மீ. ஆகிவிடும், ஆகவே 1:5 கியர்பாக்ஸ் அவசியம். அப்போது மோட்டாரின் ஒரு சுற்று 15.7 மி.மீ., 10 மீட்டர் வேகத்துக்கு 640 சுற்று போதும். வெட்டு, உராய்வு, முடுக்கம் எல்லாம் சேர்த்து 240 நியூட்டன் என்று வைத்தாலும், மோட்டார் ஒன்றுக்கு 0.35 நியூட்டன் மீட்டருக்கு மேல் தேவைப்படாது. உங்கள் நீமா 23 மோட்டார்களையே வைத்துக்கொள்ளலாம்.

பொருத்தும்போது பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், தூள் தங்காது. மோட்டார் தட்டை ஒரு முனையில் கீல் போட்டு, ஸ்பிரிங்கால் பினியனை ரேக்கோடு அழுத்தினால் பல் இடைவெளி வராது. ஒரு மீட்டர் துண்டுகளைச் சேர்க்கும் இடத்தில் இடைவெளியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரேக்கின் சிறு துண்டொன்றைக் கவிழ்த்து, இணைப்பின் இருபுறப் பற்களிலும் பதியும்படி கிளாம்ப் செய்தபின் திருகை முடுக்குங்கள். குறுக்கு அச்சிலும் உயர அச்சிலும் பால் ஸ்க்ரூவே இருக்கட்டும். குறுக்கில் வேகம் போதவில்லையென்றால் 1610 போடுங்கள்.

மரத்தூள்:
ஏழு வாரமாகிவிட்டது, மன்னிக்கவும். ரேக் பொருத்தி 5 மீட்டரில் 18 மி.மீ. ப்ளைவுட் வெட்டுகிறேன், விளிம்பு வெள்ளையாக வருகிறது, தூளுக்குப் பதில் சீவல் விழுகிறது. மி.மீட்டருக்கு 127.32 படி என்று அமைத்து 2000 மி.மீ. நகர்த்தியபோது 1999.4 வந்தது, 127.36 ஆக்கியதும் சரியாகிவிட்டது. பழைய ஸ்க்ரூவில் ஒரு துண்டை வெட்டி உயர அச்சுக்குப் பயன்படுத்தலாமா?

கடைசல்:
பயன்படுத்தலாம். மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது என்பதால் ஹேக்ஸா ஏறாது, கட்டிங் வீலால் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் நட்டைக் கழற்ற வேண்டும். வெறுமனே சுழற்றி வெளியே எடுத்தால் உள்ளிருக்கும் குண்டுகள் எல்லாம் கொட்டிவிடும். பள்ள விட்டத்துக்கு ஒட்டினாற்போல ஒரு குழாயை ஸ்க்ரூவின் முனையோடு சேர்த்துப் பிடித்து, நட்டை அதன்மேல் ஏற்றி அப்படியே வைத்திருங்கள்.