ஜூவில் பிள்ளைகளோடு: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி

#1

ஜூவில் புலிக் கூண்டின் கண்ணாடி முன்னால் எடுக்கும் அந்த வகை வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் மனசை விட்டுப் போகாததும் அதே காட்சிதான். மூன்று வயதுப் பிள்ளை கண்ணாடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஷூ லேஸை இழுத்துக்கொண்டிருக்கிறது. இருபதடி தள்ளிப் படுத்திருந்த புலி முதலில் தலையைத் தாழ்த்தியது. காது இரண்டும் முன்னால் திரும்பின. தோள் எலும்புகள் முதுகுக்கு மேல் புடைத்து எழும்பின. அப்புறம் ஒரே பாய்ச்சல். முன்னங்கால் இரண்டும் பிள்ளையின் தலைக்கு மேலே கண்ணாடியில் அறைந்தன. கூட்டம் சிரித்தது. "உன்னோட விளையாட வருது பாரு" என்று அந்த அப்பா சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

அது விளையாட்டே இல்லை. பதுங்கி, குறிபார்த்து, பாய்ந்தது, அவ்வளவும் வேட்டை. தன்னைப் பார்க்காத இரையைப் பின்பக்கமாக வந்து பிடிப்பதுதான் புலியின் வழக்கம். சுந்தரவனக் காட்டுக்குள் தொழிலுக்குப் போனவர்களுக்கு 1986-ல் பிடரிப் பக்கம் மனித முகமூடி மாட்டி அனுப்பியது இதனால்தான். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த புலிக்கும் இது போவதில்லை. குள்ளமான உருவம், திரும்பிய முதுகு, குனிந்த தலை, திடீர் அசைவு. இந்த நாலும் ஒன்றாக அமைந்தால் தூங்குகிற புலிகூட எழுந்துவிடும். பிள்ளையை நிற்கவைத்து முகத்தைப் புலிப்பக்கம் திருப்பிவிடுங்கள். பெரும்பாலும் பாதியிலேயே ஆர்வம் விட்டுப்போகும். தள்ளுவண்டியையும் கண்ணாடியை ஒட்டி நிறுத்த வேண்டாம். வண்டிக் குழந்தையின் தலை சரியாகப் புலியின் கண்மட்டத்தில் இருக்கும்.

#2

#1-க்கு: நடுவில கண்ணாடி இருக்கும்போது எதுக்கு இவ்வளவு பதற்றம்? அது வீட்டு ஜன்னல் கண்ணாடி இல்ல. ரெண்டு மூணு தகட்டுக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்சு ஒட்டின லேமினேட்டட் கண்ணாடி. ஒரு தகடு விரிசல் விட்டாலும் மத்தது தாங்கும், சில்லு படலத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். புது விரிசல் கண்ணுல பட்டா பிள்ளையை நகர்த்திட்டு காப்பாளர்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான்.

கவனமா இருக்க வேண்டியது கம்பிவலை இருக்கிற இடத்துல. ஒரு குடும்பமே முதல் வரிசையில நிக்குது. ஆண் சிங்கம் எழுந்து வந்து, நிதானமா திரும்பி, பின்பக்கத்தைக் காட்டி வாலை நேரா மேல தூக்கிச்சு. வால்நுனி லேசா நடுங்கிச்சு. "டாட்டா காட்டுது"ன்னு பிள்ளைங்க கைதட்டிச்சு. அடுத்த நொடி முதல் வரிசை முழுக்க மூத்திரத்துல நனைஞ்சாச்சு.

வால் மேல போனா பின்னாடி ஓடாதீங்க, பக்கவாட்டுல நகருங்க. அந்தப் பீய்ச்சல் நேர்கோட்டுல ரெண்டு மூணு மீட்டர் தாராளமா வரும், அகலம்தான் குறைவு. புலியும் இதே வேலை பண்ணும், பெண் புலியும் விதிவிலக்கில்ல. இந்த நீர்ல கொழுப்பு கலந்திருக்கும், எல்லை குறிக்கிற வாசனை சீக்கிரம் போயிடக் கூடாதுன்னு. அதனால வெறும் தண்ணியில போகாது, சோப்பு வேணும். கண்ணுல பட்டிருந்தா நிறைய தண்ணி விட்டு அலசணும். நனைஞ்ச சட்டையைத் தனிப் பையில கட்டுங்க.

#3

நீங்கள் கண்ணாடியையும் வாலையும் பேசுகிறீர்கள். அகழி ஓரத்தைப் பாருங்கள். பேத்திக்குக் கரடி தெரியவில்லை என்று ஒரு தாத்தா அவளைத் தடுப்புச் சுவர்மேல் உட்காரவைத்தார், கால் இரண்டும் உள்பக்கம் தொங்க. ஒரு கையில் பேத்தியின் சட்டை, மறு கையில் போன். பின்னால் யாரோ இடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, தாத்தா சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார். அந்த ஒன்றும் ஆகாததுதான் பயம். அடுத்த கூண்டிலும் அதையேதான் செய்வார்.

கம்பியில்லாத கூண்டு முறையை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-ல் திறந்த பூங்கா பிரபலமாக்கியது. அகழி பார்வையாளர் கண்ணில் படக் கூடாது என்பதே அந்த வடிவமைப்பின் அழகு. பள்ளம் இருப்பது பெரியவர்களுக்கே சட்டென்று புலப்படாது என்றால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எதிரே புல்வெளி தொடர்வது போலத்தான் தோன்றும். சிறு பிள்ளைக்குத் தலைப்பக்கம் கனம் அதிகம். இடுப்பு தடுப்பைத் தாண்டினால் உடம்பு தானாகவே முன்னால் கவிழும். சட்டையைப் பிடித்திருப்பது எந்த உதவியும் செய்யாது, துணி கையோடு வரும், பிள்ளை வராது. 2012-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஜூவில் 2 வயதுக் குழந்தை ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் இடத்துக்குள் விழுந்து இறந்தது, நன்றாகத் தெரியட்டும் என்று தடுப்பின் மேல் நிறுத்தியபோதுதான்.

என்ன செய்யலாம்? முதலில் நீங்கள் மண்டியிட்டுப் பிள்ளையின் கண்மட்டத்தில் பாருங்கள். பாதி இடங்களில் விலங்கு தெரியாது. கைப்பிடிச் சுவரும் முன்னால் நிற்பவர்களின் முழங்காலும்தான் தெரியும். சில அடி நடந்தால் தாழ்வான கண்ணாடிச் சன்னலோ வலை வைத்த இடைவெளியோ பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் தடுப்பிலிருந்து ஓரடி பின்வாங்கி நின்று, பிள்ளையை இடுப்பில் வைத்து, இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். தோளில் ஏற்றுவதென்றால் தடுப்பிலிருந்து உங்கள் உயரத்துக்குத் தள்ளி நிற்க வேண்டும். தூக்கியவர் படம் எடுக்கக் கூடாது, படம் எடுப்பவர் தூக்கக் கூடாது. இது ஒன்றையாவது கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக நழுவிப் போகும் பிள்ளைக்கு வேறு கணக்கு. 2016 மே 28, அமெரிக்காவின் சின்சினாட்டி ஜூ. 3 வயதுப் பையன் சுமார் 3 அடித் தடுப்பை ஏறிக் கடந்து, புதர் வழியாகப் போய் கொரில்லாக்களின் அகழிக்குள் விழுந்தான். பையனைக் காப்பாற்ற, ஹராம்பே என்ற 17 வயது கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். மயக்க ஊசி ஏன் போடவில்லை என்று இன்றும் கேட்கிறார்கள். மருந்து ஏறச் சில நிமிடங்கள் ஆகும், ஊசி தைத்த வலியில் அதற்குள் அது மிரண்டு என்ன செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு தடுப்பை மூன்றரை அடியாக்கிக் கயிற்று வலையும் கட்டினார்கள். குறுக்குக் கம்பி உள்ள தடுப்பு பிள்ளைக்கு ஏணி. அப்படிப்பட்ட இடத்தில் கையை விடாதீர்கள்.

#4

#3 சொன்னதில் தடுப்பு விஷயம் சரி. ஆனால் ஹராம்பே ஒன்றை மட்டும் வைத்து கொரில்லா என்றாலே ஆபத்து என்ற எண்ணம் வந்துவிடும். 1986-ல் ஜெர்சி தீவில் 5 வயதுப் பையன் விழுந்து மயங்கிக் கிடந்தபோது ஜாம்போ என்ற பெரிய ஆண் கொரில்லா பக்கத்தில் நின்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தது. மற்ற கொரில்லாக்களை நெருங்கவிடவில்லை. 1996-ல் சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு ஜூவில் பின்டி ஜுவா என்ற பெண் கொரில்லா, தன் குட்டியை முதுகில் சுமந்தபடியே விழுந்த பையனைத் தூக்கிவந்து காப்பாளர் கதவருகே கிடத்தியது.

உறுத்துவது வேறு. ஒரு பெண்மணி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, வெள்ளி முதுகுக் கொரில்லாவை, அதாவது வளர்ந்த ஆணை, நேருக்கு நேர் பார்த்து, பல் தெரியச் சிரித்து, மகளையும் அப்படியே செய்யச் சொன்னார். கொரில்லா உதட்டை இறுக்கிக்கொண்டு உடம்பைப் பக்கவாட்டில் விறைப்பாகத் திருப்பிக் காட்டியது. "நமக்குப் போஸ் கொடுக்குது." இல்லை அம்மா, அது எச்சரிக்கை.

2007-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் பூங்காவில் பொக்கிட்டோ என்ற கொரில்லா நீர் அகழியைத் தாண்டி வெளியே வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகத் தாக்கியது. அடிக்கடி வந்து அதை உற்றுப் பார்த்துச் சிரிப்பவர் அவர். அதுவும் திரும்பச் சிரிக்கிறது என்று நம்பியிருந்தார். கொரில்லா நீந்தாது, நீர் போதும் என்ற கணக்கும் அன்று பொய்த்தது. பிறகு ஒரு காப்பீட்டு நிறுவனம், கண் வேறு திசையில் பார்ப்பது போல வரைந்த அட்டைக் கண்ணாடிகளைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது: உட்கார், கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பு, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையைப் பார், பல்லைக் காட்டாதே, நெஞ்சில் தட்டிக் காட்டாதே. இப்படி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் குட்டிக் கொரில்லாக்கள் தாங்களாகவே கண்ணாடி அருகே வருவதுண்டு.

#5

ஆட்டுக்குட்டிகளைத் தொட்டுப் பார்க்க விடுகிற பகுதி. ஒரு பையன் தீவனக் கோப்பையை ஆடுகளுக்கு எட்டாமல் தலைக்கு மேல் தூக்கினான். ஒரு ஆடு பின்னங்காலில் எழுந்து அவன் தோளில் குளம்பை வைத்தது. பையன் விழ, அவன் வாயிலிருந்த நிப்பிள் சாணியில் விழ, அம்மா அதை எடுத்து சட்டையில் துடைத்துத் திரும்ப வாயில் வைத்தார். அந்த ஒரு நொடி.

கோப்பை மேலே போனால் ஆடும் மேலே போகும். அது குறும்பு இல்லை, மரக்கிளையில் தழை மேய்வதும் அப்படித்தான். கோப்பையைப் பெரியவர் வைத்துக்கொண்டு, பிள்ளையின் உள்ளங்கையில் கொஞ்சம் மட்டும் கொட்டுங்கள். கை தட்டை, விரல்கள் ஒட்டி, கட்டைவிரலும் உள்ளே. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, ஒட்டகச்சிவிங்கிக்கும் கிடையாது. உதடும் நாக்கும்தான் கையில் படும். கூட்டம் சேர்ந்துவிட்டால் மிச்சத் தீவனத்தைத் தரையில் வீசிவிட்டு எதிர்ப்பக்கம் நடங்கள்.

கை கழுவுவதில் சமரசம் வேண்டாம். நன்றாக இருக்கும் ஆட்டின், மாட்டின் குடலிலேயே ஈ.கோலை ஓ157 என்ற கிருமி இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் சிலருக்கு இது சிறுநீரகம் வரை போகும். அறிகுறி அன்றே தெரியாது, பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்துத்தான். வயிற்றுப்போக்கில் ரத்தம் கண்டால் டாக்டரிடம் "விலங்குகளைத் தொட்டோம்" என்பதையும் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார். ஓடும் தண்ணீர், சோப்பு, 20 விநாடி, நகக்கண்ணும் சேர்த்து. சானிடைசர் இதற்கு ஈடாகாது; சாணி அழுக்குக்கு மேல் அது வேலை செய்யாது, கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியை அது கொல்லவும் செய்யாது. நிப்பிள், பால்புட்டி, தின்பண்டம், வாயில் வைக்கும் பொம்மை எல்லாம் வேலிக்கு வெளியிலேயே இருக்கட்டும். தள்ளுவண்டிச் சக்கரத்தில் ஒட்டியதும் பிள்ளையின் கைக்கு வரும். ஆமை, பல்லி, பாம்பு தொட விடும் இடங்களில் சால்மோனெல்லா என்ற கிருமி உண்டு, 5 வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

#6

இரவு விலங்குகளின் இருட்டறை. லோரிஸ் என்கிற தேவாங்கு ஒன்று கிளையில் முழுசாக வெளியே வந்து நின்றது. அப்போது ஒரு பையன் குதித்தான், ஷூவில் சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னியது. போய்விட்டது.

விளக்கு ஷூவைக் கழற்றுங்கள், அல்லது மேலே சாக்ஸை மாட்டுங்கள். போன் திரை ஒளிர்ந்தாலும் பழகின கண் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வெயிலிலிருந்து வந்ததும் வாசலுக்கு உள்ளே ஐந்து பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வெளியே இருக்கும்போதே ஒரு கண்ணை மூடிக்கொண்டால் உள்ளே வந்ததும் அந்தக் கண்ணுக்கு முதலில் தெரியும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. உள்ளே பகலை இரவாக மாற்றி வைத்திருப்பதால் நண்பகல்தான் போக ஏற்ற நேரம். வெளியே சிங்கமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்.

#7

பனிக்கரடி. எட்டு அடி முன்னால், ஒரு தலையாட்டல், எட்டு அடி பின்னால். "அது எதைத் தேடுது?" என்று சிறுமி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

சொல்லலாம். 2003-ல் கிளப், மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள்: காட்டில் அதிகத் தூரம் அலையும் ஊனுண்ணிகள்தான் கூண்டில் இப்படி அதிகம் நடக்கின்றன. ஆனால் முன்னும் பின்னும் நடப்பதெல்லாம் அந்த வகையும் இல்லை. கண் காப்பாளர் கதவுப் பக்கம் இருந்து, காலடி வழி மாறிக்கொண்டே இருந்தால் அது தீனிக்குக் காத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே காலில், அதே தலையாட்டலோடு திரும்பி, எதற்கும் நிற்காமல் போனால் அது ஊறிப்போன பழக்கம். நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் சில விலங்குகளுக்கு அது நிற்காது, ஆகவே உடனே அந்தப் பூங்காவைத் திட்டவும் வேண்டாம். பிள்ளையிடம் திரும்பும் இடத்தை எண்ணச் சொல்லுங்கள், விடை அதுவே சொல்லும். "டான்ஸ் ஆடுது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

#8

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். பிள்ளை தொலைந்தால் என்ன செய்வது?

நுழைவாயிலில் அன்றைய உடையோடு முழு உருவப் படம் ஒன்று. மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் போன் எண், மேலே ஒளிபுகும் டேப். காணவில்லை என்றதும் "ரெண்டு நிமிஷம் பார்ப்போம்" வேண்டாம். பெயரோடு சட்டை நிறத்தையும் சேர்த்து உரக்கக் கத்துங்கள். முன்பின் தெரியாதவர்களும் தேடத் தொடங்குவார்கள். ஒருவர் அதே இடத்தில் நிற்க வேண்டும், ஒருவர் நேராக ஊழியரிடம் போக வேண்டும், வெளிவாசலுக்குத் தகவல் போவதுதான் முதல் வேலை. முதலில் நீர்நிலை ஓரம் தேடுங்கள், பிறகு கடைசியாகப் பிள்ளை விட்டுவர மறுத்த கூண்டு. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தேடி அலையாதே, நின்ற இடத்திலேயே நில்.

#9

சிம்பன்ஸி கல் எறிந்ததை இன்னும் யாரும் சொல்லவில்லையே. சுவீடனில் ஃபுருவிக் பூங்காவின் சான்டினோ என்ற சிம்பன்ஸி, பூங்கா திறக்கும் முன்பே காலையில் கல் பொறுக்கி அடுக்கி வைத்தது. 2009-ல் ஆய்வாகவே வந்தது. பெரும்பாலும் சிம்பன்ஸி திடீரென்று எறியாது. முதலில் மயிர் சிலிர்த்து உருவம் பெரிதாகும், உடம்பு இப்படியும் அப்படியும் ஆடும், "ஹூ ஹூ" மெல்லத் தொடங்கி ஏறும். அந்த நேரத்தில் பிள்ளையோடு ஓரமாக ஒதுங்குங்கள். திரும்பக் கத்திக் காட்டுகிற அப்பாக்கள்தான் முதலில் வாங்குவார்கள்.

#10

#5-க்கு ஒரு திருத்தம் மாதிரி. ஆட்டுக்கு மேல முன்பல் இல்லைன்னு சொன்னதை வெச்சு ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் கையை நீட்டிடாதீங்க. குதிரைக்கு மேலேயும் கீழேயும் முன்பல் உண்டு. ஒட்டகத்துக்கு மேலே கோரைப்பல்லும் உண்டு, கடிச்சா விடாது. ஒட்டகம் காதைப் பின்னால மடக்கி, கன்னம் உப்பி, தலையை மேல தூக்கிச்சுன்னா துப்பப் போகுது. வர்றது வெறும் எச்சில் இல்ல, இரைப்பையில இருக்கிறதும் சேர்ந்து வரும்.